விசிறி இன்னும் மாட்டப்படவில்லை

அன்பு மகளுக்கு அப்பா மனம் நிறைந்த ஆசியோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமனாரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இருவரும் போன இடத்தில் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் மாமனார் இந்த நிமிடம் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறார், என் பனியனையும் சேர்த்து, வேண்டாம் என்றால் கேட்கிறாரா. தினம் சாயங்காலம் போனில் பேசுகிற மனிதன் இப்போது எதற்குக் காகிதமும் பேனாவும் எடுத்தான் என்று நீ யோசிப்பாய். முப்பத்தொரு வருடம் குடிநீர் அலுவலகத்தில் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களிடம் பேசிப் பேசி என் தொண்டை இப்படி ஆகிவிட்டது. நான் ரகசியம் சொன்னால் கீழ்வீட்டில் தையல் மெஷின் நின்றுவிடுகிறது, அந்த அம்மா காதைத் தீட்டிக்கொள்கிறார். உன் மாமனாரைப் பற்றி உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அது அவர் காதில் விழக் கூடாது, அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. போனில் இதைப் பற்றி மூச்சு விடாதே.

முதலில் என் தப்பை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியை எழுதக் கை வராது. நீங்கள் கிளம்பிய அன்று டாக்சி வாசலில் நிற்க, பாதிப் படி இறங்கியவள் திரும்பி வந்து, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த வேக்குவம் கிளீனரை மட்டும் தொடாதீர்கள், அதை மாமா பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் போனாய். நானும் எட்டு நாள் தொடவில்லை. தினமும் காலை ஒன்பது மணிக்கு உன் மாமனார் அதைத் தள்ளிக்கொண்டு கூடம், படுக்கையறை, நடை என்று வரிசையாகப் போவார், நான் சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெண்ணைக் கொடுத்த இடத்தில் சம்பந்தி வேலை செய்ய நான் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எத்தனை நாளைக்கு நன்றாக இருக்கும். பத்து நாள் துணைக்கு என்று வந்தவன், மறுநாள் என் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும், போவதற்குள் ஒரு நாளாவது கைகொடுப்போம் என்று ஒன்பதாம் நாள் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து மெஷினை எடுத்தேன். கூடம் முடிந்தது, ஒரு குறையும் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். செருப்பு அலமாரிக்கு அடியிலும் ஒரு கை பார்த்துவிடுவோம் என்று உள்ளே நுழைத்தேன். பேரனுடைய கோலிக்குண்டு ஒன்று அங்கே பதுங்கியிருந்திருக்கிறது. டக்கென்று ஒரு சத்தம், அப்புறம் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி கடகடவென்று மெஷின் என் கையிலேயே ஆட ஆரம்பித்துவிட்டது. நிறுத்துகிற பட்டன் எது என்று தெரியாமல் இரண்டு மூன்றை அமுக்கி, கடைசியில் ஒயரையே பிடுங்கினேன்.

திரும்பிப் பார்த்தால் உன் மாமனார் தோளில் துண்டோடு, காதோரம் சோப்பு நுரையோடு நிற்கிறார். நான் திருதிருவென்று முழிக்கிறேன். அவர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஐயோ சம்பந்தி, இது நேத்தே ஒரு மாதிரி சத்தம் போட்டுச்சு. நான்தான் கண்டுக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது"ன்னு சொல்லிவிட்டார். நான் உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். சத்தியமாக வாயெடுத்தேன். ஆனால் சம்பந்தி தப்பு தன்னுடையது என்று சொல்லும்போது இல்லை என்று மறுத்துப் பேசினால் அதுவும் ஒரு மரியாதைக் குறைவு இல்லையா. இப்படி ஏதோ சப்பைக்கட்டுக் கட்டி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மென்று முழுங்கிவிட்டேன். அந்த மனிதரோ இன்றுவரை, உடைத்தது தான்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இதன் பலன் மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. நான் எழுந்து, விடைபெற்றுக்கொள்ளலாம் என்று கூடத்துக்கு வருகிறேன், வாசல் கதவோரம் அவருடைய நீலநிறத் துணிப்பை ஜிப்பு மூடித் தயாராக நிற்கிறது. என்ன சம்பந்தி, எங்கே பயணம் என்று கேட்டேன். பிடி கொடுக்காமல் என்னென்னவோ பேசினார், கடைசியில் பிள்ளைகள் ஊரிலிருந்து வருவதற்குள் தனக்கென்று ஒரு சின்ன ரூம் பார்த்துக்கொண்டு போய்விடலாம் என்று இருக்கிறாராம், எத்தனை நாளைக்குத்தான் மகன் வீட்டில் சாமான்களை உடைத்துக்கொண்டு கிடப்பது என்றார். உடைத்த மெஷினை அப்படியே போட்டுவிட்டுப் போனால் நன்றாக இருக்காது, அதை மட்டும் சரிசெய்துவிட்டுக் கிளம்பிவிடுவேன், நீங்களும் கூட இருந்தால் ஒத்தாசையாக இருக்கும் என்றார். அவர் டீ போட உள்ளே போனபோது அந்தப் பையைத் தூக்கிப் பார்த்தேன். காற்று மாதிரி இருந்தது. இத்தனை வருடம் சைக்கிள் கடை வைத்து ஒரு மகனை ஆளாக்கி நிறுத்திய மனிதருக்குச் சொந்தமென்று எடுத்துக்கொண்டு போக இவ்வளவுதானா இருக்கிறது என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மகளே, தனியாக இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். உன் அம்மா போன இந்த மூன்று வருடத்தில் எனக்குப் பழகிவிட்டது, என்னை விடு. எனக்கு டிவி இருக்கிறது, செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னால் நானும் வணக்கம் சொல்கிறேன், முடிக்கும்போது சரிம்மா போய்ட்டு வா என்கிறேன், அதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு ஆளுக்குச் சமைப்பது வீண்வேலை என்பதால் பல நாள் ரொட்டியும் டீயுமாக முடித்துக்கொள்கிறேன், உடம்புக்கும் லேசாக இருக்கிறது. ஆனால் உன் மாமனார் அப்படிப்பட்டவர் இல்லை. கடையில் நாள் முழுக்க நாலு பேர் நடுவில் உட்கார்ந்து பழகிய மனிதர், ஒரு ரூமில் சுவரைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பார். மெஷின் சரியானால்தானே கிளம்புவார், அது சரியாகாமல் இருப்பதற்கு நான் பொறுப்பு என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன். என் பயணத்தையும் தள்ளிப்போட்டேன்.

ஆனால் முதல் மூன்று நாள் நான் வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை, நேர்மையாகவே எனக்கு வேலை தெரியவில்லை. சாப்பாட்டு மேஜைமேல் பழைய செய்தித்தாளை விரித்து மெஷினைக் குப்புறப் படுக்கவைத்தோம். என் முறை என்ன என்று உனக்குத் தெரியுமே. கழற்றுகிற ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு கவர், கவர்மேல் வரிசை எண், தேதி, எந்த மூலையிலிருந்து எடுத்தது என்ற குறிப்பு, இருவர் கையெழுத்து. பதினோரு திருகாணி, பதினோரு கவர். உன் மாமனார் ஒவ்வொன்றிலும் பொறுமையாகக் கையெழுத்துப் போட்டார். அடித்தட்டு வந்தது, ரப்பர் பெல்ட் வந்தது, அதற்குள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் விசிறி. ஆறு இதழில் இரண்டு முறிந்து கிடந்தது. குப்பையை உறிஞ்சி இழுப்பது அந்த விசிறிதானாம், ஆகையால் உள்ளே போகிற கல் மண் எல்லாம் முதலில் அதன் மூஞ்சியில்தான் மோதும். நடுவில் ஒரே ஒரு நட்டு. அதைக் கழற்றினால் விசிறி கையோடு வந்துவிடும், புதியது போட்டால் வேலை முடிந்தது. ஸ்பேனரைப் போட்டு இடது பக்கம் திருப்பினேன். அசையவில்லை. உன் மாமனார் ஏதோ சொல்ல வருகிற மாதிரி வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். நான், எத்தனை தண்ணீர் மீட்டர் பார்த்தவன் நான், இந்த நட்டு எனக்குத் தண்ணி காட்டுமா என்று இன்னும் பலமாக இடது பக்கம் திருப்பினேன். அவர் மெஷினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மூன்று நாள், காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, நான் திருப்ப அவர் பிடிக்க, எங்கள் இரண்டு பேருக்கும் தோள்பட்டை வீங்கியதுதான் மிச்சம்.

நான்காம் நாள் முறிந்த இதழ் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, மெஷினைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, உதிரிபாகக் கடைக்குத் தனியாகப் போனேன். கடைக்காரர் படத்தைப் பார்த்ததும் அந்த விசிறியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார். கிளம்பும்போது சும்மா ஒரு பேச்சுக்கு, நட்டு இறுகிக் கிடக்கிறது, எந்த எண்ணெய் ஊற்றலாம் என்று கேட்டேன். எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்றார். காண்பித்தேன். கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தார். "ஐயா, அது எதிர் மரை, வலது பக்கம் திருப்பினாத்தான் கழலும். விசிறி சுத்துற வேகத்துல தானாக் கழண்டுக்கக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க. நீங்க மூணு நாளா அதை இறுக்கிக்கிட்டு இருக்கீங்க." அசடு வழிய நின்றேன், ஆனால் தெருவுக்கு வந்ததும் ஒரு விஷயம் தோன்றியது. இந்த ரகசியம் இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். உன் மாமனாருக்குத் தெரியாத வரைக்கும் அந்த நட்டு கழலாது, நட்டு கழலாத வரைக்கும் அந்த நீலப்பை நகராது. புது விசிறியை என் சட்டைகளுக்கு நடுவில் சொருகி வைத்தேன். அன்றிலிருந்து நான் தெரிந்தே தப்பான பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

இன்றோடு நான் வந்து முப்பத்திரண்டு நாள் ஆகிறது. பத்து மணி அடித்தால் உன் மாமனார் மேஜையைத் துடைத்து, செய்தித்தாள் விரித்து, எனக்கு மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுக்கிறார். நான் தினம் ஒரு காரணம் சொல்கிறேன். ஒருநாள் ஸ்பேனர் அளவு சரியில்லை, ஒருநாள் வெளிச்சம் போதாது, ஒருநாள் எண்ணெய் இன்னும் ஊறவில்லை. அவரும் தலையை ஆட்டி, அவசரமே இல்லை சம்பந்தி, நல்லா ஊறட்டும் என்கிறார். அவ்வளவு வெகுளி. ஒருதரம் பேச்சு சுவாரசியத்தில் கை தவறி வலது பக்கம் திருப்பிவிட்டேன், நட்டு பொசுக்கென்று கால் சுற்று கழன்றுவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, அவர் சரியாக அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்குகிறதா என்று எழுந்து போனார். அடுப்பில் பாலே வைக்கவில்லை என்பது போன பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. வயதாகிறது, பாவம், இந்த மறதியோடு அவரைத் தனியாக ஒரு ரூமில் விட முடியுமா, நீயே சொல். இன்னொரு நாள் நான் முடிவெட்டிக்கொண்டு திரும்பி வருகிறேன், வீடு முழுக்கக் கண்ணாடியாகப் பளபளக்கிறது. மெஷின் இல்லாமல் முட்டிபோட்டு வெறும் துடைப்பத்தால் அத்தனையும் பெருக்கியிருக்கிறார், இந்த வயதில்.

ஆனால் அவரிடம் வந்திருக்கிற மாற்றத்தைச் சொல்லத்தான் வேண்டும். முதல் ஒன்பது நாள் நாங்கள் பேசியது, சாப்பிடலாமா, சாப்பிடலாம், விளக்கை அணைக்கவா, அணையுங்கள், இவ்வளவுதான். இப்போது மனிதர் வாய் ஓயாமல் பேசுகிறார். குழாயில் தண்ணீர் வருகிறது என்று புகார் கொடுக்க வந்த ஆளைப் பற்றிச் சொன்னேன், தண்ணீர் வராத நேரத்தில் குளிக்காமல் தப்பித்துக்கொண்டிருந்தவராம் அவர், அதைக் கேட்டு உன் மாமனாருக்குச் சிரித்துச் சிரித்து டீ மூக்கில் ஏறிவிட்டது, நான் முதுகில் தட்டினேன். மதியம் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்கிறார், எனக்கும் கேட்காமலே போடுகிறார். போன வாரம் மெஷினைப் பிடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, என்னைப் பார்க்காமல் அந்த உடைந்த விசிறியைப் பார்த்தபடி, "கடையில இருந்த வரைக்கும் யாராவது வந்து எதிர்ல உட்காருவாங்க சம்பந்தி. பங்ச்சர் ஒட்டி முடிக்கிற வரைக்கும் எதையாவது பேசிட்டு இருப்பாங்க. வீட்ல அப்படி யாரும் எதிர்ல உட்கார்றது இல்ல. பிள்ளைங்க மேல தப்பு சொல்லல, அவங்களுக்கு நேரம் இல்ல"ன்னார். "நான் உட்கார்ந்திருக்கேனே"ன்னேன். "ஆமா, உட்கார்ந்திருக்கீங்க"ன்னார். அப்புறம் இருவரும் ரொம்ப மும்முரமாக நட்டுக்கு எண்ணெய் விட்டோம்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். இன்னும் நான்கு வாரத்தில் நீங்கள் வந்துவிடுவீர்கள். வந்தால் உனக்கு மெஷின் வேண்டும், நீ ஒரு ஆளைக் கூப்பிடுவாய், அவன் ஒரே திருப்பில் கழற்றிவிடுவான், அன்றைக்கே உன் மாமனார் பையைத் தூக்கிவிடுவார். அதற்குள் மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். அப்பாவை எங்கேயும் போக விடாதே என்று சொல். இங்கே நடந்தது எதையும் காட்டிக்கொள்ளாமல், அவர் இல்லாவிட்டால் வீடு நடக்காது என்பது அவருக்கே தெரிகிற மாதிரி, தினம் கொஞ்ச நேரம் யாராவது அவர் எதிரில் உட்காருங்கள். வேறு ஒன்றும் வேண்டாம், உட்கார்ந்தால் போதும், அவரே பேசுவார். என்னைப் பற்றிக் கவலைப்படாதே. நீங்கள் வந்த மறுநாளே நான் என் வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். அங்கே எனக்குத் தலைக்குமேல் வேலை கிடக்கிறது. என்ன வேலை என்று கேட்டால் இப்போது சட்டென்று ஞாபகம் வரவில்லை, ஆனால் கிடக்கிறது.

உன் வெளிநாட்டு விலாசத்தை என் கையெழுத்தில் எழுதினால் தபால்காரர் எங்கேயாவது கொண்டுபோய்ப் போட்டுவிடுவார். உன் மாமனாருக்கு முத்து முத்தான எழுத்து, ஆகவே விலாசம் எழுதித் தபாலில் சேர்க்க அவரிடமே கொடுக்கப்போகிறேன். கவரை ஒட்டாமல்தான் கொடுப்பேன். ஒட்டிக் கொடுத்தால் அவரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும், சம்பந்திக்குள் அது அழகில்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற ஜாதி அவர் இல்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பேரனையும் பேத்தியையும் தாத்தாக்கள் இரண்டு பேரும் விசாரித்ததாகச் சொல், கோலியைப் பற்றிப் பேரனிடம் ஒன்றும் கேட்காதே, குழந்தை பயந்துவிடும். நீங்கள் நால்வரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்டநாள் நன்றாக இருக்க வேண்டும். உன் அம்மா இருந்தால் இதே வாசகத்தை இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பாள், அவளுக்கும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: அம்மா, இது உன் மாமா எழுதுகிறேன். விலாசம் எழுதச் சொல்லி உன் அப்பா கொடுத்த கடிதத்தைப் படித்துவிட்டேன். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற ஆள் நான் இல்லை என்று எழுதியிருக்கிறாரே, அந்த வரி வந்தபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது, ஆனாலும் முடிவு வரை படித்தேன். நீ எதையும் மனதில் போட்டு உழப்பிக்கொள்ளாதே. நான் எங்கேயும் போகவில்லை. ரூமும் பார்க்கவில்லை. உன் அப்பா மெஷினைக் கோலிமேல் ஏற்றியதை நான் குளியலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது அவர் முகம் போன போக்கில், அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார் என்று தோன்றியது, அதனால் தப்பை நான் எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை அவர் போய்வருகிறேன் என்று சொல்வதற்குள் முந்திக்கொண்டு என் பையை வாசலில் வைத்தேன். உள்ளே சோபாத் தலையணை இரண்டு இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை.

சைக்கிளில் இடது பெடல் எதிர் மரைதான் அம்மா. எத்தனை ஆயிரம் பெடல் கழற்றியிருப்பேன். அந்த நட்டைப் பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரியும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், ஆனால் வந்த நாளிலிருந்து போனில் உன்னையும் டிவிப் பெண்ணையும் தவிர யாரோடும் பேசாத மனிதர் அன்றைக்குத்தான் முகத்தில் ஒரு களையோடு உட்கார்ந்திருந்தார். ஒன்பது நாளும் சட்டைகளைப் பையிலிருந்தே எடுத்துப் போட்டுக்கொண்டவர் அன்றைக்குச் சாயங்காலம்தான் அலமாரியில் அடுக்கினார். அந்தச் சட்டைகளைத் துவைத்து மடித்து வைக்கும்போது புது விசிறி என் கையில் தட்டுப்பட்டது. அவர் முடிவெட்டப் போன நேரத்தில் மாட்டி வீடு முழுக்க ஓட்டிப் பார்த்தேன், அருமையாக இழுக்கிறது. அப்புறம் கழற்றிப் பழையதையே மாட்டி, அவர் இறுக்கி வைத்திருந்த அளவுக்கு நட்டையும் இறுக்கி வைத்துவிட்டேன். மெஷினைப் பற்றிக் கவலை வேண்டாம்.

எனக்கு ஒரே ஒரு உதவி செய். நீங்கள் வந்ததும் உன் அப்பாவை இங்கேயே இருக்கச் சொல். அவருக்காக என்று சொன்னால் கேட்க மாட்டார், ரோஷக்காரர், அன்றைக்கே கிளம்பிவிடுவார். எனக்காக என்று சொல். நீங்கள் எதிரில் உட்கார்ந்தால்தான் மாமா ஒழுங்காகச் சாப்பிடுகிறார், நீங்கள் போய்விட்டால் அவரால் இருக்க முடியாது என்று சொல். நான் சொல்லச் சொன்னேன் என்று மட்டும் சொல்லாதே. மற்றபடி அதில் பொய் எதுவும் இல்லை.